ஜிபார்ட்டெட் லைவ்: கரண்ட் போகும் ஊரில் பார்ட்டிஷன் வேலை

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரத்தில் தட்டச்சும் புகைப்பட அச்சும் செய்யும் சிறிய கடையொன்றை நடத்துகிறேன். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து திருமண அழைப்பிதழுக்கும், பூப்புனித நீராட்டு விழா அல்பத்துக்கும், தேர்த் திருவிழா நோட்டீசுக்கும், கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்கும் வருகிறவர்களே என் வாடிக்கையாளர்கள். கடையில் இருப்பது ஒரே ஒரு கணினி. அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்கு தளம் ஓடுகிறது. கடந்த ஆனி மாதத்தில், ஒரு அல்பத்தின் கடைசிப் பக்கத்தைச் சேமிக்கப் போன நேரத்தில், வட்டில் இடமில்லை என்று அது கைவிரித்துவிட்டது. அந்த இடப்பிரச்சினையைத் தீர்ப்பதற்கு ஜிபார்ட்டெட் லைவ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். அதைப் பற்றிய என் மதிப்பீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பார்ட்டிஷன்களை, அதாவது வன்தட்டைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளை, வெட்டவும் சுருக்கவும் புதிதாக உருவாக்கவும் இதைவிட நம்பகமான இலவசக் கருவியை நான் கண்டதில்லை; ஆனால் இதில் உள்ள ஒரு வசதியை, அதாவது பார்ட்டிஷனை இருந்த இடத்திலிருந்து நகர்த்தும் வசதியை, மலையகத்தில் இருக்கிற எவரும் முடிந்தவரை தொடாமல் இருப்பது நல்லது.

என் வன்தட்டின் அமைப்பைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அது 1 டெராபைட் வன்தட்டு. கணினி அதை 931 ஜிகாபைட் என்று காட்டும். விற்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், கணினி 1,024 ஆல் வகுக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான், யாரும் ஏமாற்றவில்லை. தொடக்கத்தில் கணினியை எழுப்புவதற்கான சிறிய பார்ட்டிஷன் ஒன்று. அதற்கு அடுத்ததாக, விண்டோஸ் காலத்திலிருந்து மிச்சமாகக் கிடக்கும் 850 ஜிகாபைட் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் பயன்படுத்தும் வகை) பார்ட்டிஷன். பத்து வருடப் புகைப்படங்களும், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய நோட்டீசுகளும் அதில்தான் இருக்கின்றன. கடைசியில் 80 ஜிகாபைட்டில் மின்ட். என் தினசரி வேலைகள் எல்லாம் சேரும் ஹோம் கோப்புறையும் அந்த 80 ஜிகாபைட்டுக்குள்ளேயே அடக்கம். போதாக்குறைக்கு டைம்ஷிஃப்ட் எடுத்து வைக்கும் காப்புப் பிரதிகளும் அங்கேயே குவிந்துகொண்டிருந்தன. பெரிய வீட்டில் அறைகள் காலியாகக் கிடக்க, எல்லோரும் அடுப்படியில் படுத்திருந்த கதை.

இதற்கு எவருக்கும் முதலில் தோன்றும் வழி, என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனைச் சுருக்கி, விடுபட்ட இடத்துக்குள் மின்ட் பார்ட்டிஷனை இடப்பக்கமாக இழுத்து நீட்டுவதுதான். ஜிபார்ட்டெட்டில் அது மவுசால் ஒரு பெட்டியை இழுப்பது போன்ற சின்ன வேலையாகவே தெரியும். திரையின் மேற்பகுதியில் வன்தட்டு முழுவதும் ஒரு நீண்ட பட்டையாக விரிந்திருக்கும். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் அதன் வகைக்கேற்ற நிறத்தில் ஒரு சட்டம், அதற்குள் தரவு நிரம்பிய பகுதி மட்டும் இளமஞ்சளாக இருக்கும். எது எங்கே முடிகிறது, எது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை ஒரே பார்வையில் காட்டும் இந்தப் பட்டையே இந்த மென்பொருளின் மிகப் பெரிய பலம் என்று நினைக்கிறேன். நாம் சொல்லும் எதையும் அது உடனே செய்துவிடுவதும் இல்லை. சுருக்கு, உருவாக்கு, பெயரிடு என்று நாம் கொடுக்கும் கட்டளைகள் எல்லாம் அடியில் வரிசையாகச் சேர்ந்துகொண்டே போகும். பச்சை நிறச் சரிக்குறியை அழுத்தி உறுதிப்படுத்தும் வரை வன்தட்டில் ஒரு எழுத்தும் மாறாது. அதற்கு முன் மனம் மாறினால் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறலாம். கை நடுங்கிக்கொண்டு வேலை செய்கிற என் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் அந்த இடப்பக்க இழுப்பு நான் 2022 ஆம் ஆண்டிலேயே கையைச் சுட்டுக்கொண்ட வேலை. அந்த வருடம் பங்குனி கடைசியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். பற்றரி செத்துப்போன பழைய மடிக்கணினி ஒன்றில், மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, இடையில் கிடைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு ஒரு பார்ட்டிஷனை நகர்த்தத் தொடங்கினேன். அட்டவணையில் இருந்த நேரத்துக்கு முன்பே மின்சாரம் நின்றது. பார்ட்டிஷனின் தொடக்கத்தை மாற்றுவது என்றால், பட்டையில் கோட்டை அழித்து வேறிடத்தில் வரைவது அல்ல; உள்ளே இருக்கும் தரவு முழுவதையும் வாசித்துப் புதிய இடத்தில் எழுத வேண்டும். நடுவில் நின்றால், பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாக, இரண்டுக்கும் உரிமை இல்லாத நிலையில் அது கிடக்கும். அக்கா மகளின் சடங்குப் படங்கள் அதில் இருந்தன. ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளால் பெரும்பாலான படங்கள் திரும்பக் கிடைத்தன. ஆனால் பெயர் கிடையாது, கோப்புறை கிடையாது, ஒவ்வொன்றுக்கும் எஃப் என்ற எழுத்தும் அதன் பின்னால் ஒரு நீண்ட எண்ணும் மட்டும். ஆயிரக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைத்த அந்த மாதத்தை நான் மறக்கவில்லை. தவறு மென்பொருளுடையது அல்ல. நகர்த்தத் தொடங்கும் முன் அது தெளிவாகவே எச்சரித்தது. கேட்காமல் அழுத்தியவன் நான்.

காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மின்சாரத்தைப் பற்றிக் குறை சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் தென்மேற்குப் பருவக் காற்று ஏறியதும் கம்பிகளின் மேல் மரம் சாய்வதும் மின்சாரம் போவதும் இங்கே புதினம் அல்ல. ஆகவே இந்த முறை நான் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு: எந்த வழி வேகமானது என்பதல்ல, நடுவில் நின்றால் எந்த வழி என்னைப் பத்திரமாக விட்டுவைக்கும் என்பதே. அப்படிப் பார்த்தபோது விடை தானாகவே வந்தது. பார்ட்டிஷனைச் சுருக்கி விடுபடும் இடத்தை அப்படியே ஒரு புதிய பார்ட்டிஷனாக்கலாம். ஹோம் கோப்புறையிலுள்ள கோப்புகளை அங்கே பிரதி எடுக்கலாம். பிறகு ஹோம் என்ற வாசலின் வழியாக உள்ளே போனால் அந்தப் புதிய பார்ட்டிஷன் திறக்கும்படி மவுண்ட் பொயின்ட்டை, அதாவது பார்ட்டிஷன் திறக்கும் இடத்தை, மாற்றலாம். மின்ட் பார்ட்டிஷன் இருந்த இடத்திலேயே இருக்கும். எதையும் இழுக்க வேண்டியதில்லை.

ஜிபார்ட்டெட்டை 2004 ஆம் ஆண்டில் பார்ட் ஹாக்வோர்ட் என்பவர் தொடங்கினார், 1.0 பதிப்பு வருவதற்கு 2019 ஆகிவிட்டது. அவசரப்படாத மென்பொருள் என்பதற்கு அதுவே சாட்சி. லைவ் வடிவம், அதாவது பென் டிரைவிலிருந்தே கணினியைத் தொடங்கி ஓடும் வடிவம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. 1 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்று போதும். தொடங்கியதும் விசைப்பலகை என்ன, மொழி என்ன என்று கறுப்புத் திரையில் கேட்கும்போது புதியவர்கள் பயந்துவிடக்கூடும். எல்லாவற்றுக்கும் என்டர் விசையை அழுத்திக்கொண்டு போனாலே போதும். முழுவதையும் நினைவகத்துக்குள் ஏற்றிக்கொண்டு ஓடும் தெரிவும் உண்டு. மின்ட் நிறுவும் பென் டிரைவிலும் ஜிபார்ட்டெட் இருக்கத்தான் செய்கிறது என்றாலும், பழைய, நினைவகம் குறைந்த கணினிகளில் லைவ் வடிவம் இலகுவாக ஓடுகிறது.

முதல் இரவு வேலை நடக்கவில்லை. என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனின் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை முக்கோணம் நின்றது. எப்போதோ ஒழுங்காக மூடாமல் விட்டதால், அந்தப் பார்ட்டிஷனை விண்டோஸில் சோதனை செய்து, இரண்டு முறை மறுதொடக்கம் செய்துவிட்டு வரும்படி சொல்லி, அதைச் சுருக்க மறுத்துவிட்டது. என்னிடம் விண்டோஸ் கிடையாது. வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி உறையில் போட்டு, கொட்டகலையில் இருக்கிற அக்கா மகனிடம் கொண்டுபோனேன். அவன் தன் மடிக்கணினியில் செருகியதும், “மாமா, டிஸ்க்குல பிழை இருக்குன்னு சொல்லுது, சரி பண்ணிரவா?” என்று கேட்டான். அரை மணி நேரத்தில் சரியானது. லினக்ஸ்காரருக்கு இது எரிச்சலான சுற்றுவழிதான். இருந்தும், சந்தேகமுள்ள பார்ட்டிஷனை வெட்ட மறுக்கும் கருவியைவிட, கேள்வி கேட்காமல் வெட்டித் தள்ளும் கருவிக்கே நான் அதிகம் பயப்படுவேன்.

இரண்டாம் இரவு, ஒன்பது மணிக்குக் கடையை மூடிய பிறகு, யூபிஎஸ்ஸில் கணினியைப் பொருத்திவிட்டு உட்கார்ந்தேன். முக்கியமான படங்கள் எல்லாம் ஏற்கனவே வெளி வன்தட்டொன்றில் பிரதி எடுக்கப்பட்டிருந்தன. சுருக்கும் வேலையும் நடுவில் நிற்கக்கூடாத வேலைதான் என்பதால் இது தவிர்க்க முடியாதது. 850 ஜிகாபைட் பார்ட்டிஷனின் வலது ஓரத்தை இழுத்து 550 ஆக்கினேன். இடையில் பிறந்த 300 ஜிகாபைட்டில் லினக்ஸ் பயன்படுத்தும் ஈஎக்ஸ்டி4 வகைப் பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கினேன். சரிக்குறியை அழுத்தியதும், அது ஒவ்வொரு படியாக என்ன செய்கிறது என்பதை விரித்துக் காட்டியது. முதலில் சோதனை, பிறகு சுருக்கினால் என்ன ஆகும் என்ற ஒத்திகை, அதற்குப் பிறகே உண்மையான சுருக்கல். கண்ணை மூடிக்கொண்டு ஓடும் ஒரு நீலக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை இல்லை. வேலை முடிந்ததும் நடந்த அனைத்தையும் ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம், நான் சேமித்தேன்.

ஜிபார்ட்டெட்டின் பங்கு அதோடு முடிந்தது. இதை வாங்க நினைக்கிறவர்கள், விலை இல்லை என்றாலும் வாங்குவது என்றே சொல்கிறேன், தெரிந்துகொள்ள வேண்டியது இது: தனித்தனிக் கோப்புகளை ஒரு பார்ட்டிஷனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும், மவுண்ட் பொயின்ட்டை நிரந்தரமாக மாற்றுவதும் இதன் வேலை அல்ல. முழுப் பார்ட்டிஷனையும் பிரதி எடுத்து ஒட்டும் வசதி உண்டு. ஆனால் அப்படி ஒட்டினால் பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடியும் சேர்ந்தே பிரதியாகிவிடும். ஒரே கணினியில் ஒரே அடையாள எண்ணுடன் இரண்டு பார்ட்டிஷன்கள் இருந்தால், எது எங்கே திறக்கும் என்பது குதிரைக் கொம்பு. அப்படிச் செய்தவர்கள் புதிய யூயூஐடி கொடுக்கும் தெரிவை மறக்காமல் அழுத்த வேண்டும்.

பிரதி எடுப்பதற்கு மின்ட் பென் டிரைவில் கணினியைத் தொடங்கி ஆர்சிங்க்கைப் பயன்படுத்தினேன். 1996 ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கும் இந்தக் கட்டளையின் அருமை, மின்சாரம் போகும் ஊரில்தான் முழுமையாகத் தெரியும்: நடுவில் நின்றால் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும், ஏற்கனவே போய்ச் சேர்ந்த கோப்புகளை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும். பழைய கோப்பு பழைய இடத்திலேயே இருப்பதால் எந்த நிமிடத்திலும் இழப்பு இல்லை. சிறிய ஏ, பெரிய எச், பெரிய ஏ, பெரிய எக்ஸ் என்ற நான்கு தெரிவுகளையும் சேர்த்துக் கொடுத்தால் உரிமையாளர், அனுமதி, திகதி எல்லாம் அப்படியே வரும். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் ஹோமுக்குள்ளே இன்னொரு ஹோம் உருவாகி நிற்கும். சிறிய ‘என்’ (n) என்ற தெரிவைச் சேர்த்து, எதையும் எழுதாமல் ஒத்திகை மட்டும் பார்த்துவிட்டுத் தொடங்குவது என் வழக்கம். 46 ஜிகாபைட் நகர முக்கால் மணி நேரம் எடுத்தது. பத்தே முக்காலுக்கு விளக்கு ஒருமுறை இமைத்தது, யூபிஎஸ் இரண்டு முறை கூவியது. 2022 இல் என்றால் நெஞ்சு நின்றிருக்கும். இந்த முறை தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

அடுத்தது எஃப்எஸ்டாப். எந்தப் பார்ட்டிஷன் எந்த வாசலில் திறக்க வேண்டும் என்று ஒரு வரிக்கு ஆறு புலங்களாக எழுதப்பட்டிருக்கும் சிறிய கோப்பு அது: அடையாளம், மவுண்ட் பொயின்ட், வகை, தெரிவுகள், கடைசியில் இரண்டு எண்கள். மின்ட் தரும் டிஸ்க்ஸ் என்ற மென்பொருளில் பெட்டிகளை நிரப்பியும் இந்த வரியை எழுதச் செய்யலாம். தட்டச்சில் பிழை விடக்கூடியவர்களுக்கு அதுவே நல்லது. நான் தட்டச்சுக்காரன் என்ற திமிரில் கையால் எழுதினேன். 32 எழுத்தெண்கள் கொண்ட யூயூஐடியில் ஒன்றைத் தவறவிட்டேன். கணினியைத் தொடங்கியதும், இல்லாத பார்ட்டிஷனுக்காக அது 1 நிமிடம் 30 வினாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குள் போய் நின்றது. பென் டிரைவில் திரும்பத் தொடங்கி அந்த ஓர் எழுத்தைத் திருத்தியதும் எல்லாம் சரியானது. கணினியை மூடுவதற்கு முன், ஃபைண்ட்மவுண்ட் கட்டளையின் சரிபார்ப்புத் தெரிவை ஓட்டியிருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது.

ஒரு கோப்புறையின் மேல் வேறொரு பார்ட்டிஷனை மவுண்ட் செய்தால், அந்தக் கோப்புறையில் முன்பிருந்த கோப்புகள் அழிவதில்லை. பாய்க்கு அடியில் வைத்த காசு போல மறைந்து கிடக்கும். பலர் இடத்தை மாற்றிய பிறகும் மின்ட் பார்ட்டிஷன் நிரம்பியே இருப்பதைப் பார்த்துக் குழம்புவது இதனால்தான். அதற்காகவே நான் முதலில் பழைய ஹோமின் பெயரை ‘பழைய ஹோம்’ என்று மாற்றிவிட்டு, வெறும் கோப்புறையாக ஒரு புதிய ஹோமை உருவாக்கி அதன் மேல் மவுண்ட் செய்தேன். எட்டு நாள் கடையை நடத்திப் பார்த்து, ஒன்றும் குறையவில்லை என்று தெரிந்த பிறகே பழையதை அழித்தேன். இன்னொரு சிறிய இலாபமும் கிடைத்தது: ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் வழக்கமாக 5 வீதத்தை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். இயங்கு தளம் இருக்கும் பார்ட்டிஷனுக்கு அது தேவை. வெறும் படங்கள் இருக்கும் 300 ஜிகாபைட்டில் 15 ஜிகாபைட்டைப் பூட்டி வைப்பதில் பொருளில்லை; டியூன்2எஃப்எஸ் கட்டளையால் 1 வீதமாகக் குறைத்தேன்.

என்டிஎஃப்எஸ் பக்கத்திலிருந்து பழைய நோட்டீசுகளைப் புதிய ஹோமுக்குக் கொண்டுவந்தபோதுதான், தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறவர்களுக்கே உரிய ஒரு சிக்கலைக் கண்டேன். மூன்று கோப்புகள் வர மறுத்தன. பெயர் மிக நீளமாம். இரண்டு வகைப் பார்ட்டிஷன்களும் பெயருக்கு 255 என்ற எல்லையே வைத்திருக்கின்றன. ஆனால் என்டிஎஃப்எஸ் அதைக் குறியீடுகளாக எண்ணுகிறது, ஈஎக்ஸ்டி4 பைட்டுகளாக எண்ணுகிறது. யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். அதுவும் ‘ணீ’ என்ற ஓர் எழுத்து, மெய்யொன்றும் உயிர்க்குறியொன்றுமாக 6 பைட்டை விழுங்கிவிடும். ஆக, 85 குறியீடுகளுக்கு மேல் தமிழ்ப் பெயர் போகக்கூடாது. முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிக்கு, இறந்தவரின் பெயர், தோட்டம், பிரிவு, திகதி எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்திருந்தேன். பெயர்களைச் சுருக்கிய பிறகு வந்து சேர்ந்தன. இதற்கு எந்த மென்பொருளையும் குறை சொல்ல முடியாது. எச்சரிக்கையை வாசிக்காமல் மூலக் கோப்புகளை அழித்திருந்தால்தான் இழப்பு.

இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்த சில பதாகைகளில் படங்கள் காணாமல் போயின. அந்தப் பதாகைக் கோப்புகள் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் முன்பு திறந்த பாதையைச் சுட்டிக்கொண்டிருந்தன. படங்களை ஹோமுக்கு மாற்றியதும் அந்தப் பாதை வெறுமையானது. பழைய பாதையில், புதிய இடத்துக்குத் திருப்பிவிடும் ஒரு குறியிணைப்பை வைத்து, அந்த என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனுக்கும் எஃப்எஸ்டாப்பில் நிலையான வாசலொன்றைக் கொடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது. ஹோமுக்குள் முன்பே இருந்த படங்களுக்கு இந்தத் தொல்லை வரவே இல்லை, ஏனெனில் பார்ட்டிஷன் மாறினாலும் ஹோம் என்ற பெயர் மாறவில்லை.

ஜிபார்ட்டெட்டில் என் மனக்குறை ஒன்றுதான்: சுருக்குவது, நீட்டுவது, நகர்த்துவது மூன்றையும் ஒரே சாளரத்தில், ஒரே பெட்டியின் இரண்டு ஓரங்களாக வைத்திருக்கிறார்கள். வலது ஓரத்தைத் தொட்டால் ஒரு வேலை, இடது ஓரத்தைத் தொட்டால் அதைவிடப் பல மடங்கு ஆபத்தான வேலை; கைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. எச்சரிக்கை வருகிறதுதான், ஆனால் கட்டளையைக் கொடுத்த பிறகு.

கொட்டகலையிலிருந்து அக்கா மகன் போன கிழமை வந்து அந்தப் பென் டிரைவைக் கேட்டான். அவனுடைய மடிக்கணினியில் ஒரு பார்ட்டிஷனை இடப்பக்கம் நகர்த்த வேண்டுமாம். கொடுத்தேன். கொடுக்கும்போது, பற்றரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று மட்டும் கேட்டேன். அவன் பென் டிரைவை மேசையில் வைத்துவிட்டு, “அந்த ஆர்சிங்க் வேலையையே சொல்லித் தாங்க மாமா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.